கற்றுக்கொள்ளாமல் கெட்டவர் யார்?

நம் காலத்துக்கென்று ஒரு புது வேதம் வந்திருக்கிறது. அதில் இருப்பது ஒரே ஒரு வரி: "அப்ஸ்கில் பண்ணிக்கொள், இல்லையேல் ஒழிந்துபோ." பொறியியல் கல்லூரி ஆண்டு விழா, லிங்க்ட்இன் பதிவு, தொலைக்காட்சி விவாதம், ஆட்குறைப்புச் செய்தியின் கடைசிப் பத்தி என்று எங்கே திரும்பினாலும் இந்த ஓதல்தான். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதாம். கற்றவன் பிழைப்பானாம், கல்லாதவன் போவானாம். வேலை போனால் குற்றவாளி வேறு யாருமில்லை, போனவன்தான். இதைச் சொல்லும் பெரியவர்கள் கையோடு ஓர் உதாரணமும் கொண்டுவருகிறார்கள். "நெசவாளியைப் பாருங்கள். இயந்திரம் வந்தது, அவர் மாறவில்லை, அழிந்தார். நீங்கள் அப்படி ஆகிவிடாதீர்கள்."

சென்னையிலோ பெங்களூரிலோ சொன்னால்கூடப் பரவாயில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் இருக்கும் கல்லூரி மேடைகளிலேயே இதைச் சொல்லிவிட்டு, சால்வை வாங்கிக்கொண்டு கார் ஏறுகிறார்கள். கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளில் பலருக்குக் கல்விக் கட்டணம் கட்டியதே வீட்டில் ஓடும் தறிதான். என் ஊர் ஜலகண்டாபுரம். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்காமல் இருக்காது. அந்த உரிமையில் சொல்கிறேன்: நெசவாளி கற்றுக்கொள்ளாமல் கெட்டார் என்பது பொய். அவர் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். கற்ற பிறகும் கூலியை நிர்ணயிக்கும் இடத்தில் அவருக்கு நாற்காலி போடப்படவில்லை. அதே கதைதான் இன்று கணினித் துறையிலும் நடக்கிறது. அதை மறைக்கத்தான் இந்த உபதேசம்.

முதலில் நெசவாளி கற்ற பாடங்களை எண்ணிப் பார்ப்போம். குழித்தறியில் இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து ஓட்டிய தொழில், மின்மோட்டார் பூட்டிய விசைத்தறிக்கு மாறியது. இயந்திரத்தைக் கண்டு ஓடியவர் யாரும் இல்லை. இருந்த இடத்தை அடமானம் வைத்துத் தறி வாங்கிப் போட்டார்கள். தமிழ்நாட்டில் இன்று சுமார் 5.6 லட்சம் விசைத்தறிகள் ஓடுவதாக அரசின் கணக்கு சொல்கிறது. மாற மறுத்தவர்களின் மாநிலத்தில் இத்தனை தறிகளை ஓட்டுவது யார், ஆவிகளா?

இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம். பூ வேலைப்பாடு நெய்யும் தறிக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி ஒரு ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கயிற்றில் கோத்த அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி எழும்பும், அதோடு கட்டிய பாவு இழை மேலே வரும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். ஓர் ஊடை போட ஓர் அட்டை. முந்தானையில் ஒரு மயில் தோகை விரிக்க வேண்டுமென்றால், எந்த இழை எப்போது எழ வேண்டும் என்று கட்டம் போட்ட தாளில் வரைந்து, அந்தக் கணக்குப்படி அட்டை குத்த வேண்டும். ஒரு துளை தப்பினால் அந்தத் தப்பு சேலைக்குச் சேலை வந்துகொண்டே இருக்கும். துளை உண்டா இல்லையா என்ற இரண்டே பதிலில் உலகத்தை வரையும் இந்த வித்தையைத்தான், 1804ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு செம்மைப்படுத்தினார். அதைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வு எந்திரத்துக்கு அட்டை கேட்டார். 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் துளையட்டையால் எண்ணி முடித்தார். அவருடைய கம்பெனியின் வழித்தோன்றல்தான் ஐபிஎம். ஆக, அட்டை குத்தியவரும் அதை ஏற்றித் தறி ஓட்டியவரும் கணினிப் பரம்பரையில் நமக்கு மூத்தவர்கள். அவர்களைக் காட்டி "கம்ப்யூட்டர் யுகத்துக்கு மாறத் தெரியாதவர்கள்" என்று பாடம் எடுப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அட்டையோடும் கதை நிற்கவில்லை. மின்னணு ஜக்கார்டு வந்தது. கணினியில் டிசைன் போட்டு, பென் டிரைவில் ஏற்றி, பெட்டியில் சொருகினால் தறி நெய்கிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள்கூடத் திரையைத் தட்டி டிசைனை மாற்றுகிறார்கள், பிழைக் குறி வந்தால் தாங்களே சரிசெய்கிறார்கள். யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, பதக்கம் குத்தவில்லை. இனி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இத்தனை கற்ற பிறகு கூலி என்ன ஆயிற்று? பட்டறையில் கேட்டால் பதில் சுருக்கமாக வரும். "அட்டை போச்சுங்க, பெட்டி வந்துச்சுங்க. கூலிய மட்டும் அவங்கதானுங்களே சொல்றாங்க."

அந்த "அவங்க" யார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கூலி நெசவில் பாவும் நூலும் கொடுப்பவர் ஒருவர், தறி ஓட்டுபவர் இன்னொருவர். நூல் விலை ஏறினால் முந்தையவர் உற்பத்தியைக் குறைப்பார், பிந்தையவருக்குத் தறி நிற்கும். துணி விலை ஏறினால் முந்தையவர் லாபம் பார்ப்பார், பிந்தையவருக்கு அதே மீட்டர் கூலி. இந்த ஏற்பாட்டில் நெசவாளி இரண்டு மடங்கு வேகமாக நெய்யக் கற்றால் என்ன நடக்கும்? ஒரு மீட்டருக்கான கூலியைக் குறைக்கச் சொல்லப் புதிதாக ஒரு காரணம் கிடைக்கும். திறமை நெசவாளியுடையது, அதன் பலன் பேரம் பேச முடிந்தவருடையது.

இது எங்கள் ஊரின் தனிக் கதை என்று நினைத்தால், ஜக்கார்டு பிறந்த ஊருக்கே போவோம். லியோனின் பட்டு நெசவாளிகள் அன்றைய உலகின் மிக நவீனமான தறியை ஓட்டியவர்கள். தறிகளும் பெரும்பாலும் பட்டறைக்காரர்களுக்கே சொந்தம். பட்டும் ஆர்டரும் வணிகர்களுடையவை. 1831 அக்டோபரில் அந்த வட்டாரத்தின் அரசு ஆட்சியாளர் முன்னிலையில் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்று பேசி முடிக்கப்பட்டது. வணிகர்களில் ஒரு பகுதியினர் அதை மதிக்க மறுத்தார்கள். நவம்பரில் நெசவாளிகள் தெருவில் இறங்கி, சில நாட்கள் நகரத்தையே கையில் வைத்திருந்தார்கள். அரசு படையை அனுப்பியது, கூலிப் பட்டியல் ரத்தானது. புதிய தொழில்நுட்பத்தில் கரை கண்டவர்கள் அவர்கள். அன்றைக்கு யாராவது மேடையேறி, "பிள்ளைகளே, இன்னும் கொஞ்சம் அப்ஸ்கில் பண்ணியிருந்தால் படையே வந்திருக்காது" என்று சொல்லியிருப்பாரா?

இயந்திரத்தை உடைத்த மூடர்கள் என்று உலகமே ஏசும் இங்கிலாந்தின் லுட்டைட்டுகளும் அப்படித்தான். 1811ல் நாட்டிங்காமில் அவர்கள் உடைத்த காலுறைப் பின்னல் சட்டம், 1589லேயே கண்டுபிடிக்கப்பட்ட இயந்திரம். இருநூறு ஆண்டுக்கு மேல் பழகிய கருவியைக் கண்டு யாரும் மிரளவில்லை. அடிமாட்டுக் கூலிக்கு ஆள் வைத்து மட்டச் சரக்கு ஓட்டிய முதலாளிகளின் பின்னல் சட்டங்களைத் தேடிப் பார்த்து உடைத்தார்கள். 1812ல் பின்னல் இயந்திரத்தை உடைத்தால் மரண தண்டனை என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கூலியைப் பற்றிய சண்டை, வரலாற்றில் அறியாமையைப் பற்றிய கதையாகப் பதிவாகிவிட்டது. ஜெயித்தவர்கள் கணக்கு எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

பழங்கதை போதும் என்றால் நேற்றைய செய்திக்கு வருவோம். 2025 மார்ச்சில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி விசைத்தறியாளர்கள் தறிகளை நிறுத்திப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. தறி அவர்களுடையது, திறமை அவர்களுடையது. ஆனால் மீட்டருக்கு என்ன கூலி என்பதைக் கேட்டு வாங்கக் குடும்பத்தோடு பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலிருந்து வந்த செய்தியை இந்தச் சமவெளியில் யாரும் மறந்திருக்க முடியாது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் தங்கள் சிறுநீரகத்தை விற்றிருந்தார்கள். ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்பு விசாரணைக் குழு அமைத்தது. அந்தத் தொழிலாளர்களுக்கு எந்தத் திறன் குறைவாக இருந்தது? தறி ஓட்டத் தெரியாததாலா கிட்னியை விற்றார்கள்? இந்தக் கேள்விக்கு பவர்பாயிண்டில் பதில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் காட்டினால் நல்லது.

சரி, தறியை விடுவோம். உபதேசிகளின் சொந்த வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்கள் எதைக் கற்கச் சொன்னார்கள்? கோடிங் கற்றுக்கொள் என்றார்கள். குழந்தை பால் பாட்டிலை விடுவதற்குள் கோடிங் கற்க வேண்டும் என்ற அளவுக்குப் போனது. ஒயிட்ஹேட் ஜூனியர் விளம்பரத்தில் வுல்ஃப் குப்தா என்றொரு சிறுவன், பள்ளி வயதிலேயே கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கினான். விசாரித்தால் அப்படி ஒரு பையனே கிடையாது. அந்தக் கம்பெனியை 2020ல் 30 கோடி டாலருக்கு பைஜூஸ் வாங்கியது. 2024 ஜூலையில் பைஜூஸே திவால் நடவடிக்கைக்குள் போனது. ஊருக்கெல்லாம் எதிர்காலத் திறன் விற்றவர்களுக்குத் தங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் திறன் மட்டும் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைக்கவில்லை போலும்.

அதற்குள் 2024 பிப்ரவரியில் துபாய் மாநாட்டில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் எழுந்து, பிள்ளைகள் இனி புரோகிராமிங் கற்கத் தேவையில்லை என்ற பொருளில் பேசினார். நல்லது. கடன் வாங்கிக் கோடிங் வகுப்புக்கு அனுப்பிய பெற்றோர் பணத்தைத் திருப்பி எங்கே கேட்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இடையில் ஒரு பருவம் பிராம்ப்ட் இன்ஜினியரிங்தான் எதிர்காலம் என்றார்கள். வகுப்புகள் முளைத்தன, சான்றிதழ்கள் பறந்தன. வகுப்பு முடிவதற்குள் பிராம்ப்டை இயந்திரமே எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. குரங்குக்கு வாழ்க்கைப்பட்டால் மரத்துக்கு மரம் தாவத்தான் வேண்டும் என்பார்கள். தாவுவதில்கூட எனக்கு வருத்தமில்லை. எந்த மரத்தில் கிளை இருக்கிறது என்று குரங்குக்கே தெரியாதபோது, விழுந்தவளைத் திட்டுவதுதான் பொறுக்கவில்லை.

கற்றவன் பிழைப்பான் என்ற வாக்குறுதிக்கு நேரடிச் சோதனை 2025 ஜூலையில் நடந்தது. நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ், ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 12,000 பேரை அனுப்பப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு, மேல் நிலையில் இருந்தவர்கள். செயற்கை நுண்ணறிவு காரணமில்லை, திறன் பொருந்தாமையும் பணியில் அமர்த்த முடியாமையும்தான் காரணம் என்றார் தலைமைச் செயல் அதிகாரி. ஐந்தரை லட்சம் பேருக்கு அடிப்படைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி கொடுத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னதும் அதே நிறுவனம்தான். ஏறத்தாழ எல்லோரும் பாடம் படித்த வகுப்பில், 12,000 பேர் படிக்காததால் தேறவில்லை என்று சொன்னால், சந்தேகப்பட வேண்டியது மாணவரையா, வாத்தியாரையா?

வாத்தியாருக்கே பாடம் புரியவில்லை என்பதற்கு ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் ஒரு சாட்சி. தங்கள் சாட்பாட் 700 வாடிக்கையாளர் சேவை ஊழியர்களின் வேலையைப் பார்க்கிறது என்று 2024ல் மார்தட்டியது. 2025 மே மாதம் அதன் தலைவரே, செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்ததில் தரம் போயிற்று என்று ஒப்புக்கொண்டு மறுபடி மனிதர்களை எடுக்கத் தொடங்கினார். இதற்கிடையே போனவர்கள் எந்தத் திறனைக் கற்றிருந்தால் தப்பியிருப்பார்கள்? முதலாளியின் மனம் 2025ல் மாறும் என்பதை 2024லேயே அறியும் ஜோதிடத் திறன் ஒன்றைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தானே கற்றுக்கொள்ளும் இயந்திரம் என்று கொண்டாடுகிறார்களே, அதற்குக் கற்றுக்கொடுப்பது யார்? படத்தில் இது லாரி, இது மனிதன் என்று கோடு போட்டுக் காட்டுவது, விடைகளில் எது சரி என்று பிரித்துவைப்பது, எல்லாம் மனிதக் கைகள். சேலத்துக்கு அருகே, நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் நெக்ஸ்ட்வெல்த் நிறுவனம் மையம் வைத்து இந்த மாதிரி வேலையைச் செய்கிறது. சிறுநகரத்துப் பட்டதாரிகளுக்கு ஊரிலேயே வேலை கிடைப்பது நல்ல விஷயம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நெசவாளியின் பிள்ளைகள் இன்று இயந்திரத்துக்கே வாத்தியார். "இயந்திரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்ற அறிவுரை அவர்களிடம் வந்து நிற்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் கேட்டுவிடுவோம். "இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறீர்களா? விசைத்தறி வந்ததால்தானே ஏழைக்கும் மலிவாகத் துணி கிடைத்தது? தொழில்புரட்சி முடிவில் எல்லோரையும் உயர்த்தவில்லையா?" இயந்திரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. குழித்தறியில் கால் வீங்க உட்கார்ந்த காலம் திரும்ப வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. விசைத்தறி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது உண்மை. ஆனால் "முடிவில்" என்ற சொல்லுக்குள் எத்தனை ஆயுள் ஒளிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் போட்ட கணக்கின்படி, 1780 முதல் 1840 வரை பிரிட்டனில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் உயர்ந்தது. உண்மைக் கூலி உயர்ந்தது 12 சதவீதம். அறுபது ஆண்டுகள்! தாத்தா காலத்தில் தொடங்கிய உயர்வின் பங்கு பேரன் காலத்தில்தான் தட்டில் விழுந்தது. அதுவும் தானாக விழவில்லை. சங்கம், வேலைநிறுத்தம், தொழிற்சாலைச் சட்டம், வாக்குரிமை என்று ஒவ்வொன்றாகப் போராடி வாங்கிய பிறகே விழுந்தது. பாதிக் கதையை மேடையில் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டால் அது வரலாறு ஆகாது, விளம்பரம்.

பேரம் பேசியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் அண்மை உதாரணங்கள் இருக்கின்றன. 2023ல் ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. அவர்கள் சாட்ஜிபிடி வகுப்புக்குப் போகவில்லை, ஸ்டூடியோ வாசலில் பதாகை பிடித்தார்கள். செயற்கை நுண்ணறிவை எழுத்தாளராகக் கணக்கில் எடுக்கக் கூடாது, அதைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் ஏறின. இங்கே 2024ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில், சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டுத் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலையை நிறுத்தினார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023ல் 1000 யூனிட் ஆனதும், நெசவாளர் அமைப்புகள் விடாமல் கேட்டதால்தான். புதிய வித்தை கற்றதற்குப் பரிசாக யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

மென்பொருள் ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையேதும் இல்லை என்று தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்தச் செய்தி எந்தக் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு அறிவிப்புப் பலகையிலாவது ஒட்டப்பட்டிருக்குமா? பைத்தான் வகுப்புக்கு ஒட்டிய சுவரொட்டியில் பத்தில் ஒரு பங்கு இடம் போதும்.

திறன் திறன் என்று நாடே கூவும்போது, அதற்கு நம் சட்டம் போட்டிருக்கும் விலையையும் பார்க்கலாம். 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்பில் வேலை இழக்கும் தொழிலாளிக்கு மறுதிறன் நிதி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. முதலாளி செலுத்த வேண்டியது பதினைந்து நாள் சம்பளம். பாதி மாதத்தில் புதுத் தொழில் கற்றுப் புது மனிதனாகிவிட வேண்டும். அதே சட்டத்தில், அரசின் முன் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பு செய்யக்கூடிய தொழிற்சாலைகளின் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. அனுப்பும் உரிமையை மும்மடங்காக்கி, கற்கும் உரிமைக்குப் பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். நாட்டின் முன்னுரிமை எது என்று தெரிந்துகொள்ள இதற்கு மேல் ஆய்வறிக்கை வேண்டியதில்லை.

கற்பதை நான் எதிர்க்கவில்லை. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் பயிலும் பிள்ளைகள் நன்றாகப் பயிலட்டும். புதிதாக வருவதையெல்லாம் கற்கட்டும். கற்பது நம் பக்கத்துக் குணம்தான், யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நான் எதிர்ப்பது, கல்வியைக் காப்பீட்டுப் பத்திரம் போல விற்றுவிட்டு, இழப்பு வந்ததும் "பிரீமியம் சரியாகக் கட்டவில்லை" என்று கைவிரிக்கும் தந்திரத்தைத்தான்.

ஆகவே, அடுத்த ஆண்டு விழாவுக்கு எங்கள் பக்கம் வரும் சிறப்பு விருந்தினர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால், அரை மணி நேரம் செயற்கை நுண்ணறிவு பற்றித் தாராளமாகப் பேசுங்கள். மீதி அரை மணி நேரத்தில் வேலை நியமனக் கடிதத்தை எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுங்கள். நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் சமமா, எத்தனை ஆண்டு பாண்ட், உற்பத்தி கூடினால் சம்பளம் எந்தக் கணக்கில் கூடும், அனுப்பினால் என்ன தருவார்கள், முறையிட யாரிடம் போவது, சேர எந்தச் சங்கம் இருக்கிறது என்று வரி வரியாகச் சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்கள் கம்பெனி அனுமதிக்காது என்றால், நெசவாளி ஏன் கெட்டார் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.